எழுத்தை மாற்றி எழுதும் பிள்ளை

கேள்வி: அரசுப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறான். பள்ளியில் உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். சிலருக்குக் கோளாறு அங்கேதான் இருக்கும். பிறகு தலைமையாசிரியரிடம் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் தள்ளிக்கொண்டே போகும். வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகமான வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்ப்பார். மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கும் அவர் வழியாகவே போகலாம். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முகாமில் அவைதான் சாட்சி. எழுத்தை மாற்றி எழுதுவது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றிதழ் இருந்தால் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். பள்ளி அசையாவிட்டால் கல்வி உதவி எண் 14417.