நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருக்கிறேன். எடை 104 கிலோ. காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் 150 சிசி டிரெயில் மோட்டார் சைக்கிளில்தான் வெளிக்காட்டைச் சுற்றி வருகிறேன். குலை ஏற்றும் லாரிகள் போட்ட பள்ளங்களில் வண்டியின் பின்பக்கம் கடைசிவரை இறங்கி 'டொக்' என்று இடித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் அப்சார்பரின் (ஸ்பிரிங்கோடு கூடிய அதிர்வுதாங்கியின்) நட்டை முடிந்த மட்டும் இறுக்கிக் கொடுத்தார்கள். இடிப்பது குறைந்தது. ஆனால் இப்போது வண்டி என்னைத் தூக்கி எறிகிறது. மாலையில் இடுப்பு நிமிரவில்லை. அப்சார்பரையே மாற்ற வேண்டுமா, அல்லது என் எடையைத்தான் குறைக்க வேண்டுமா?

பதில்: எடையைப் பற்றி மருத்துவரும் உங்கள் வீட்டுக்காரம்மாவும் பேசிக்கொள்ளட்டும், ஐயா. என் பட்டறைக்கு வருகிறவர்களின் எடையை நான் கேட்பது ஸ்பிரிங் கணக்குக்காக மட்டும்தான்.

உங்கள் அப்சார்பர் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்த வகைச் சிறிய டிரெயில் வண்டிகளின் ஸ்பிரிங் பெரும்பாலும் 70 கிலோ அளவுள்ள ஆளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நீங்கள் அதைவிட முப்பது நாற்பது கிலோ கூடுதல். இடுப்பில் தண்ணீர்ப் போத்தல், முதுகில் பை, பின்னால் கட்டிய அரிவாள், மழைச்சட்டை எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் ஐந்தாறு கிலோ. ஸ்பிரிங் தாழ்ந்து உட்காருவதில் ஆச்சரியம் இல்லை. பட்டறைக்காரர் நட்டை இறுக்கியதிலும் ஆச்சரியம் இல்லை. கையில் இருக்கும் ஒரே சாவி அதுதான். எல்லாரும் அதைத்தான் திருகுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

உதிரிப் பழம் நிறுக்கும் கொக்கித் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முள்ளை நகர்த்தி ஐந்து கிலோவில் தொடங்கும்படி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பலமாகிவிடுமா? ஒவ்வொரு கிலோவுக்கும் அது முன்பு எவ்வளவு நீண்டதோ அவ்வளவேதான் நீளும். தொடங்கும் இடம் மட்டும் மாறியிருக்கும். அப்சார்பர் நட்டும் அப்படித்தான். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறது, வண்டியின் பின்பக்கம் உயர்கிறது. ஸ்பிரிங்கின் கடினம் துளியும் மாறவில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் இன்னொரு கேடும் வருகிறது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேட இடமே இருக்காது. பள்ளத்தின் மறுகரையில் மோதி, அந்த மோதலை நேராக உங்கள் இடுப்புக்கு அனுப்பும். உங்கள் வலிக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, எந்த ஸ்பிரிங் வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் அளவு நாடாவும் இரண்டு ஆட்களும் போதும். பின் சக்கர அச்சிலிருந்து நேர் மேலே, வண்டியின் பின் உடலில் ஒரு புள்ளியை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். முதலில் சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி அளங்கள். பிறகு தரையில் விட்டு, ஆள் ஏறாமல், வண்டி தன் எடையில் தானே நிற்கும்போது ஒரு முறை. கடைசியாக நீங்கள் வேலைக்குப் போகும் கோலத்திலேயே, பூட்ஸ் பை சகிதம் ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார்ந்து ஒரு முறை. ஓர் ஆள் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளக்கட்டும். அளக்கும் முன் இருக்கையை ஒரு தரம் அழுத்தி மெதுவாக விடுங்கள், இன்னொரு தரம் தூக்கி மெதுவாக விடுங்கள். சீல்களின் உராய்வால் இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு 'இறக்கங்கள்' கிடைக்கும். ஒன்று வண்டி தானாக இறங்கும் இறக்கம், மற்றது ஆளோடு இறங்கும் இறக்கம். ஆளோடு இறங்குவது சக்கரத்தின் மொத்தப் பயணத்தில், அதாவது அது மேலும் கீழும் நகரக்கூடிய முழுத் தூரத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். தானாக இறங்குவது பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் நல்லது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் வண்டியில் நீங்கள்தான் அளக்க வேண்டும். சக்கரத்தின் பயணம் 190 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூக்கி நிறுத்தியபோது 560, தானாக நிற்கும்போது 536, நீங்கள் ஏறியதும் 480. தானாக இறங்கியது 24, ஆளோடு இறங்கியது 80. எண்பது என்றால் பயணத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்த உடனேயே செலவாகிவிட்டது. மீதியை ஒரு நல்ல பள்ளம் விழுங்கிவிடும்.

இப்போது நட்டை ஐந்து சுற்று இறுக்குகிறோம். பொதுவாக ஒரு சுற்று 1.5 மி.மீ.; அப்சார்பர் ஒரு பங்கு நகர்ந்தால் சக்கரம் ஏறக்குறைய 2.8 பங்கு நகரும் வண்டியில் இது சக்கரத்தில் சுமார் 20 மி.மீ. ஆகும். ஆளோடு இறங்குவது 60க்கு வந்துவிட்டது. அழகு! ஆனால் தானாக இறங்குவது வெறும் 4. இரண்டு இறக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள்: முன்பு 80 கழித்தல் 24, அதாவது 56. இப்போது 60 கழித்தல் 4, அதே 56. நட்டை எவ்வளவு திருகினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. உங்கள் எடைக்கு ஸ்பிரிங் கொடுக்கும் பதில் அந்த 56தான்; அதை மாற்ற வேண்டுமானால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். ஆளோடு 60, தானாக 15 என்று நமக்கு வேண்டும் என்றால் வித்தியாசம் 45 ஆக வேண்டும். 56ஐ 45ஆல் வகுத்தால் 1.24. இப்போதிருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு கடினமான ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கில் மில்லிமீட்டருக்கு 10 கிலோ என்று இருந்தால் கடையில் 12.5 கேளுங்கள். 'ஹெவி டியூட்டி கொடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். சிவப்புச் சாயம் பூசிய எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அதற்கென்று அழுத்துகருவி உண்டு. கயிறு கட்டிக் கழற்றி முகத்தில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நைட்ரஜன் அடைத்த அப்சார்பர் என்றால் அதன் வால்வைச் சீண்டவும் கூடாது.

கடினமான ஸ்பிரிங் போட்டால் அது திரும்பி வரும் வேகமும் கூடும். அமுங்கிய ஸ்பிரிங்கைத் திரும்பும் வழியில் பிடித்து நிறுத்துவது உள்ளே ஓடும் எண்ணெயின் வேலை. பட்டறைகளில் இதை ரீபவுண்ட் என்பார்கள். அப்சார்பரின் அடியில் அதற்குத் திருகு இருந்தால், வலப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பி ஓட்டிப் பாருங்கள். இருக்கையை ஓங்கி அழுத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி நின்றுவிட வேண்டும். மறுபடியும் துள்ளினால் இன்னும் தளர்ச்சி இருக்கிறது. ஆனால் 'துள்ளாமல் இருந்தால் நல்லது' என்று கடைசிவரை திருப்பிவிடாதீர்கள். லாரிப் பாதையில் பிரேக் பிடிக்கும் இடங்களில் செம்மண் துணி துவைக்கும் கல்லைப் போல வரிவரியாக எழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். வரிகள் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினாறு பதினேழு அடி. அடுத்த அடி விழுவதற்குள் அப்சார்பர் மேலே வரவில்லை என்றால், ஒவ்வோர் அடியிலும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் அமுங்கியபடியே கட்டையாகிவிடும். ஓட்டுகிறவருக்கு அது 'ஸ்பிரிங் கடினம்' என்றுதான் தோன்றும். நேர்மாறான நோய்க்கு மருந்து தேடி அலைவார்.

இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் மைத்துனரின் வண்டி முன்பக்கம் தாழ்கிறது என்றார். நான் பெரிய கைக்காரன் போல முன் ஃபோர்க்கில் மிகத் தடித்த 20 டபிள்யூ எண்ணெயை ஊற்றிக் கொடுத்தேன். வரிப்பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கியது, திரும்பவில்லை. அவர் கால்வாயில் இறங்கினார். காயம் பெரிதில்லை. ஆனால் இரண்டு மாதம் அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

ஆகவே முன்பக்கத்துக்கு என் யோசனை வேறு. எண்ணெயின் தடிப்பை மாற்றாமல் அதன் மட்டத்தை 5 மி.மீ. உயர்த்திப் பாருங்கள், தேவையானால் 10 வரை போகலாம். மேலே இருக்கும் காற்றுக்கு இடம் குறைவதால், சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்துவது போல, கடைசிப் பகுதியில் மட்டும் ஃபோர்க் எதிர்த்து நிற்கும்; தொடக்கத்தில் மென்மையாகவே இருக்கும். மட்டத்தை அளக்கும்போது ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி வைத்திருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஸ்பிரிங்குக்குப் பணம் செலவழிக்கும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். தோட்டத்து வண்டிகளில் பின் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குகள் சேறும் தண்ணீரும் குடித்துத் துருப்பிடித்து நிற்பதை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். மாலையில் மழை, அடுத்த நாள் காலையில் உயர் அழுத்தக் குழாயால் கழுவுவது. கிரீஸ் எங்கே நிற்கும்? அப்சார்பரைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் எங்காவது பிடித்தால், நீங்கள் எடுத்த அளவுகள் எல்லாம் பொய். பேரிங்கைச் சரிசெய்த பிறகு மறுபடியும் அளக்க வேண்டும்.

டயர் காற்றையும் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே விடாதீர்கள். உங்கள் எடையில் ரிம் கல்லோடு மோதினால் ட்யூபில் பக்கம் பக்கமாக இரண்டு கீறல் விழும். அதே கையேட்டில் மொத்தச் சுமை எவ்வளவு என்றும் இருக்கும். உங்கள் எடையோடு பின் கேரியரில் உர மூட்டையும் ஏறினால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள், எந்த ஸ்பிரிங்கும் அதற்குப் பொறுப்பேற்காது. மூட்டை லாரியில் போகட்டும்.

புது ஸ்பிரிங் வந்து சேரும்வரை, இறுக்கிய நட்டை இரண்டு சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தானாக இறங்கும் இறக்கம் 10 மி.மீ. அளவுக்கு வரட்டும். அவ்வப்போது அடியில் இடிக்கும்; லாரிப் பள்ளங்கள் வரும் இடத்தில் எழுந்து ஃபுட்ரெஸ்டில் முழங்காலைச் சற்று மடக்கி நின்று ஓட்டுங்கள். எடுத்த மூன்று அளவுகளையும் ஒரு தாளில் எழுதி இருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள். பட்டறையில் யாராவது மறுபடியும் நட்டுச் சாவியைத் தூக்கினால் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.