இறால் மேல் பழி போடுமுன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 58. ஒரு வருடமாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உதடோ நாக்கோ வீங்கி, ஓரிரு நாளில் தானாக வடிகிறது. அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. அலர்ஜி மாத்திரைக்கும் கேட்கவில்லை. இறாலை நிறுத்தினோம், புரட்டாசி விரதத்திலும் வீங்கியது. ரத்த அழுத்தத்துக்கு நான்கு வருடமாக எனலாப்ரில் சாப்பிடுகிறார்.

பதில்: மீன், கறி எதையும் தொடாத புரட்டாசியிலும் வீங்கியது என்றால், இறால் மேல் குற்றமில்லை. என் சந்தேகம் எனலாப்ரில் மேல்தான்.

உடலில் பிராடிகினின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. அது மிகுந்தால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து திசு வீங்கும். அதைச் சிதைக்கும் நொதியைத்தான் எனலாப்ரில் தடுக்கிறது. அலர்ஜி மாத்திரை, அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருளைத்தான் அடக்கும். இங்கே ஹிஸ்டமினுக்கு வேலையே இல்லை, அதனால்தான் அரிப்பும் இல்லை, மாத்திரையும் கேட்கவில்லை. 'நான்கு வருடம் ஒன்றும் செய்யாத மாத்திரையா?' என்று கேட்பார்கள். ஆம், வருடங்கள் கழித்தும் இது வரும். அம்மாவுக்கு வறட்டு இருமலும் இருக்கிறதா? அதுவும் இந்த மாத்திரையின் பழைய கோளாறு.

அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சும்மா நிறுத்திவிட்டு அழுத்தத்தை ஏறவிடக் கூடாது, அம்லோடிபின் போல வேறு மருந்து தருவார். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு வீக்கம் எட்டிப் பார்க்கலாம், பயந்து மறுபடி இறாலைத் தேட வேண்டாம். ஆனால் நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள்.

மாத்திரையை நிறுத்தி மாதங்கள் கழிந்தும் தொடர்ந்தால், 'சி4' என்ற ரத்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனை கேளுங்கள். அது குறைவாக இருந்தால், அடுத்து, பிராடிகினின் மிகாமல் அடக்கிவைக்கும் சி1 தடுப்பான் என்ற புரதத்தின் அளவையும் அது வேலை செய்யும் திறனையும் பார்ப்பார்கள். அந்தப் புரதக் குறை பரம்பரையாகவும் வரும், சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு. பொதுவாகச் சிறுவயதிலேயே, காரணம் தெரியாத வயிற்றுவலியோடு தலைகாட்டும். நடுவயதுக்கு மேல் புதிதாக வந்தால் வேறு நோய் மறைந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள்.

அடுத்த முறை வீங்கினால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் போவதற்குள் வடிந்துவிடும். அப்புறம், கிளினிக் அட்டையில் 'ப்ரில்' என்று முடியும் எந்த மாத்திரையும் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள். ராமிப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் எனலாப்ரிலின் பங்காளிகள்தான்.