கடன் வாங்கியது நீங்கள் இல்லை, உங்கள் கம்பெனி

கேள்வி: மெல்பர்னில் குடியிருக்கிறோம், எனக்கும் மனைவிக்கும் ஐடி வேலை. முதலீட்டுக்கு இரண்டாவதாக ஒரு வீடு வாங்கப் போனோம், வங்கி கடன் தரவில்லை. கோயிலில் பழக்கமான நம்மூர் ப்ரோக்கர் ஒருவர் எங்கள் பெயரில் ஒரு கம்பெனி தொடங்க வைத்து, தனியார் ஒருவரிடம் 4 லட்சம் டாலர் கடன் வாங்கிக் கொடுத்தார். புது வீட்டோடு குடியிருக்கும் வீட்டையும் அடமானம் வைத்தோம். ஆறு மாதத்தில் வங்கிக்கு மாற்றிவிடலாம் என்றார், எந்த வங்கியும் எடுக்கவில்லை. கெடு தாண்டியதும் மாதம் 1.5 சதவீத வட்டி 4 சதவீதமாகிவிட்டது, இப்போது நோட்டீஸும் வந்துவிட்டது. மனைவி எதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார். நுகர்வோர் சட்டத்தில் இவர்களை மடக்க முடியாதா? வழக்கு முடியும்வரை பணம் கட்டாமல் இருக்கலாமா?

பதில்: கோயில், நம்மூர்க்காரர், நம்பிக்கைத் துரோகம் இதையெல்லாம் தள்ளி வையுங்கள், வருத்தம் நியாயம்தான், ஆனால் நீதிமன்றம் அதைக் கேட்காது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் கடன் வாங்குபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? கம்பெனி பெயர். உங்கள் பிரச்சினை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலீட்டுக்கு வீடு வாங்குகிறவருக்கு இந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 2010 ஜூலை 1 முதல், தனி நபர் குடியிருப்பு வீட்டை முதலீட்டுக்காக வாங்கவோ புதுப்பிக்கவோ எடுக்கும் கடனும் தேசிய கடன் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இதே கடன் உங்கள் பெயரில் இருந்திருந்தால், கொடுத்தவருக்கு லைசென்ஸ் வேண்டும், உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று விசாரித்திருக்க வேண்டும், தவணை தவறினாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆஃப்கா அமைப்பில் நீங்கள் செலவில்லாமல் புகார் கொடுத்திருக்கலாம். கம்பெனிக்குக் கொடுத்த கடனுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, ஆஃப்கா புகாரும் கடன் கொடுத்தவர் அதில் உறுப்பினராக இருந்தால்தான். டைரக்டர்களாக நீங்கள் இருவரும் கொடுத்த கேரண்டிக்கும் கிடையாது, ஏனென்றால் மூலக் கடன் சட்டத்துக்குள் வந்தால்தான் கேரண்டியும் வரும். உங்களைக் கம்பெனி தொடங்கச் சொன்னதே இதற்காகத்தான், வரி மிச்சமாகும் என்று அவர் சொல்லியிருந்தால் அது உங்கள் வாயை அடைக்க.

அடுத்து நீங்கள் பிடித்துக்கொள்ளப் போவது ஜாம்ஸ் 2 வழக்கு. இந்த மாதிரிக் கடனில் சிக்கியவர்கள் எல்லாரும் இணையத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2022 மார்ச்சில் இந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஹை கோர்ட், கடன் கொடுத்தவர் தரப்பு நடந்துகொண்டது மனசாட்சிக்கு விரோதம் என்று சொன்னது உண்மை. சொத்தே இல்லாத கம்பெனிக்குக் கடன், தனி ஆளின் கேரண்டி, வக்கீல் விளக்கிச் சொன்னதாகச் சான்றிதழ், எல்லாம் உங்களுடையதைப் போலவேதான் இருக்கும். ஆனால் அதில் கேரண்டி கொடுத்தவருக்கு வேலை கிடையாது, வருமானம் கிடையாது, கட்டவே முடியாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம். உங்கள் இருவருக்கும் நல்ல சம்பளம், படித்தவர்கள், ஏற்கெனவே ஒரு வீட்டுக் கடன் வாங்கிய அனுபவம் வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் சம்பளச் சீட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். இன்னொன்றையும் பாருங்கள், அந்தக் கடன் 2015-இல் வாங்கியது, தீர்ப்பு வந்தது 2022-இல்.

மனைவி விஷயம். கணவனுக்காக ஒன்றும் புரியாமல் கேரண்டி கொடுத்த மனைவியைக் காப்பாற்ற 1998-ஆம் ஆண்டு கார்சியா தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அது அந்தக் கடனால் எந்த லாபமும் இல்லாத மனைவிக்கு. உங்கள் மனைவி கம்பெனியில் டைரக்டர், பங்கும் வைத்திருக்கிறார். போதாததற்குத் தனி வக்கீல் ஒருவர் விளக்கிச் சொன்னதாகச் சான்றிதழிலும் கையெழுத்து இருக்கும். அந்த வக்கீல் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை என்று சொல்வீர்கள். சரி, நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

இப்போது கட்டாமல் இருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஆட்கள் வீட்டை இழப்பது இங்கேதான். 4 லட்சத்துக்கு 4 சதவீதம் என்றால் மாதம் 16,000 டாலர். வழக்கு போட்டால் வட்டி நிற்காது. 1.5-லிருந்து 4-க்கு ஏறியது அபராதம், செல்லாது என்று வாதாடலாமே என்பீர்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள், அநேகமாக 4 சதவீதம்தான் சாதாரண வட்டி, நேரத்தில் கட்டினால் 1.5-க்கு சலுகை என்று எழுதியிருப்பார்கள், அந்த வாதத்தை முறிக்கவே காலங்காலமாக அப்படி எழுதுகிறார்கள். ஒரு வருடம் சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்று உட்கார்ந்தவர்கள், கடைசியில் விற்றுக் கிடைத்த பணம் வட்டிக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவுக்கும் சரியாகப் போய், வெறுங்கையோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், அதே ப்ரோக்கர் இன்னொரு தனியாரைக் காட்டி இதை அடைத்து அதை வாங்கலாம் என்பார். ஒவ்வொரு தடவையும் கமிஷன், கட்டணம், முன்கூட்டியே பிடிக்கும் வட்டி என்று அசல் வீங்கிக்கொண்டே போகும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால் சமரசம் செய்யுங்கள். புது வீட்டை நீங்களே விற்பனைக்குப் போடுங்கள், அடமானக்காரர் விற்கும் வரை காத்திருந்தால் விற்கும் செலவும் வக்கீல் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். இன்றைய தேதிக்கு அடைக்க எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்டுடன் போட்ட விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி மூன்று நான்கு மாத அவகாசமும் வட்டிக் குறைப்பும் கேளுங்கள், பணம் சீக்கிரம் திரும்புமென்றால் பலர் இறங்கி வருவார்கள்.

அவகாசம் தருகிறேன் என்று அவர்கள் நீட்டும் பத்திரத்தில்தான் அடுத்த கண்ணி இருக்கும். இவ்வளவு கடன் என்று ஒப்புக்கொள்கிறேன், யார்மீதும் எந்த வழக்கும் போடமாட்டேன் என்று இரண்டு பத்தி உள்ளே கிடக்கும். கடன் கொடுத்தவர்மீது உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கலாம், அதுதான் நீங்கள் கொடுக்கும் விலை. ப்ரோக்கர் மீதான உரிமையை விடாதீர்கள். நீங்கள் முதலில் சொந்தப் பெயரில் கடன் கேட்டு, அவர்தான் கம்பெனி பக்கம் திருப்பினார் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அவர்மீது வழக்குக்கு இடம் உண்டு, ஒன்றையும் அழிக்காதீர்கள். அந்தப் பணம் பிறகு வரலாம், வீட்டு ஏலத்தை அது நிறுத்தாது. பத்திரத்தில் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், இந்தத் தடவை ப்ரோக்கர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.