22,000-ஆ, 14,000-ஆ? அடிக்கோலும் விமானமும்

கேள்வி: மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். பெங்களூரிலிருந்து அங்கே எவ்வளவு தூரம் என்று சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தேன். 22,000 கி.மீ.க்கு மேல் வந்தது. அவளோ 14,000 என்கிறாள். எது சரி? – கோத்தகிரி வாசகர்

மகள் சொல்வதுதான் சரி. பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கி.மீ. எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் பாதிச் சுற்றுக்கு மேல், அதாவது 20,000-க்கு மேல், தள்ளியிருக்க வழியே இல்லை. தப்பு அடிக்கோலில் இல்லை, வரைபடத்தில். உருண்டையைத் தட்டையாக விரித்ததில், வடக்கே போகப் போக நாடுகள் உப்பிவிடுகின்றன. போதாக்குறைக்கு, அமெரிக்கா இடது ஓரத்தில் இருப்பதால் உங்கள் கோடு ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று எதிர்த்திசையில் போயிருக்கும்.

பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை வீட்டில் இருந்தால் ஒரு நூலை எடுங்கள். 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையில் நிலநடுக்கோட்டைச் சுற்ற 94 செ.மீ. நூல் வேண்டும், அதுதான் 40,000 கி.மீ. இப்போது இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். அது தானாகவே சீனா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடலோரம் போய், அலாஸ்கா வழியாக இறங்கும். நீளம் 33 செ.மீ. கணக்குப் போட்டால் 14,000 கி.மீ.

துல்லியமாக வேண்டுமா? சயின்டிஃபிக் கால்குலேட்டரை டிகிரியில் வையுங்கள். பெங்களூர் விமான நிலையம் வடக்கு 13.2, கிழக்கு 77.7, சான் பிரான்சிஸ்கோ வடக்கு 37.6, மேற்கு 122.4. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 200.1. இது 180-ஐத் தாண்டிவிட்டதால் 360-இலிருந்து கழித்தால் 159.9. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அப்புறம், இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.139. அவற்றின் காஸ்களோடு 159.9-இன் காஸையும் பெருக்கினால் மைனஸ் 0.724. கூட்டினால் மைனஸ் 0.585. ஷிஃப்ட் போட்டு காஸை அழுத்துங்கள்: 125.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக, 13,979 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் பத்துப் பதினைந்து கி.மீ. முன்னே பின்னே இருக்கும்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டபோது, அது வட துருவத்தின் மேலாகவே வந்தது. துருவ வழிக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். துருவத்திலிருந்து பெங்களூர் 76.8 டிகிரி, சான் பிரான்சிஸ்கோ 52.4, மொத்தம் 129.2. கி.மீ.யில் 14,357. வெறும் 378 கி.மீ.தான் அதிகம். எதிர்க்காற்று குறைவாக இருந்தால் அந்தச் சுற்றே லாபமாகிவிடும்.

ஆகவே கணக்குப் போட்டு வரும் தூரமும் விமானம் பறக்கும் தூரமும் ஒன்றாக இருக்காது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நேர்கோட்டில் 30 கி.மீ.கூட இல்லை, நம்ம மலை ரயில் 46 கி.மீ. வளைந்து ஏறுகிறது. விமானம் அந்த அளவுக்குச் சுற்றாது என்றாலும், காற்று, மூடிக்கிடக்கும் வான்வெளி என்று அதற்கும் வளைவுகள் உண்டு.

உயரத்தையும் சேர்க்க வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 11 கி.மீ. உயரம், அதாவது தொட்டபெட்டாவை நாலு தடவை அடுக்கிய உயரத்தில் பறந்தாலும், மொத்தத் தூரத்தில் சுமார் 24 கி.மீ.தான் கூடும்.