17 வயசுல வந்த கேஸ் இப்ப போலீஸ் வெரிஃபிகேஷன்ல தெரியுமா? ரெக்கார்டை அழிக்க வழி இருக்கா?

நீங்க கேட்டிருக்கறது: வீடு கடலூர், அரியாங்குப்பம் பக்கம் நடந்த அடிதடில 17 வயசுல உங்க மேல கேஸ் ஆச்சு, பாண்டி ஜேஜே போர்டு (18 வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸை விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமம்) கண்டிச்சு அனுப்பிருச்சு, இப்ப 25 வயசு, கம்பெனில வெரிஃபிகேஷன் கேக்கறாங்க, பழசு வெளிய வருமா. நான் கடலூர்ல வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன், இப்படி பயந்துகிட்டு வர்ற பசங்க நிறைய பேர், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

அமெரிக்கால பல மாநிலத்துல மனு போட்டு ரெக்கார்டை மத்தவங்க பாக்க முடியாதபடி சீல் பண்ணிக்கலாம். இங்க பெரியவங்களுக்கு அப்படி பொதுவான சட்டம் கிடையாது. ஆனா 18 முடியறதுக்குள்ள நடந்ததுக்கு இருக்கு, அது சீல் வைக்கிறதை விட பெருசு, ரெக்கார்டையே அழிக்கணும்னு சொல்லுது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24 படி அந்த கேஸால உங்களுக்கு எந்தத் தகுதிக்குறைவும் வரக்கூடாது. அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு 2016ல போட்ட மாதிரி விதிகள்ல (மாடல் ரூல்ஸ்) அப்பீல் காலம் முடியற வரை, இல்லன்னா 7 வருஷம், அதுக்கு மேல தண்டனை ரெக்கார்டை வச்சிருக்கக் கூடாதுன்னே இருக்கு. (16 தாண்டினவங்க கொடுங்குற்றத்துல பெரியவங்க மாதிரி விசாரிக்கப்பட்டா இது பொருந்தாது, உங்களுது அது இல்ல.)

உங்களுக்கு இப்ப ரொம்ப முக்கியம் பிரிவு 74. முடிஞ்சு போன கேஸ்ல அந்தப் பையனோட ரெக்கார்டை நன்னடத்தைச் சான்றுக்கோ வேற எதுக்கோ போலீஸ் வெளிய சொல்லக் கூடாது. அதே பிரிவுல, பேப்பர், டிவி மாதிரி எதுலயாவது அந்தப் பையனோட பேரை, அடையாளத்தை வெளியிட்டா 6 மாசம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், ரெண்டுமே கூட. இத்தனை தெளிவா எழுதி வச்சும் ஸ்டேஷன்ல பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி "கேஸ் உண்டு"ன்னு எழுதி அனுப்பறது நடக்குது, ஒரு பையனோட வாழ்க்கைங்க அது, எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

அதனால போர்டு ஆர்டரோட சர்ட்டிஃபைடு காப்பியை முதல்ல வாங்கி வைங்க. கேஸ் நடந்தது பாண்டி, அதனால மனு அங்கதான், கடலூர்ல போட்டா திருப்பி விடுவாங்க. சட்டம் மத்திய சட்டம், ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். காப்பி வாங்கறப்பவே ரெக்கார்டை அழிக்கச் சொல்லி போலீசுக்கு உத்தரவு போடுங்கன்னு போர்டுலயே ஒரு மனு குடுத்துருங்க.

இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல. உங்க கூட சேந்தவங்கள்ல 18 தாண்டினவங்க இருந்தா அவங்க கேஸ் தனியா சாதாரண கோர்ட்ல நடந்திருக்கும், அந்த தீர்ப்புல உங்க பேரு இருக்கலாம், அது ஆன்லைன்லயும் வந்துரும். தேடிப் பாருங்க, இருந்தா பேரை மறைக்கச் சொல்லி வக்கீல் மூலமா கேளுங்க. பெரியவங்க விஷயத்துல இது இழுபறி, விடுதலையான ஒருத்தர் பேரை தீர்ப்புல மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரில மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரை கிளை உத்தரவு போட்டுச்சு, ஜூலைல சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை குடுத்துருச்சு. சிறுவர்னா அந்தச் சிக்கல் இல்ல, பிரிவு 74 நேரா உங்க பக்கம்.

ஃபார்ம்ல "கேஸ் இருந்துச்சா"ன்னு கேட்டா நீங்களா இல்லன்னு டிக் பண்ணிராதீங்க, ஆர்டர் காப்பியை வக்கீல்கிட்ட காட்டிட்டு அவரு சொல்ற மாதிரி எழுதுங்க. வேலை மறுத்துட்டாங்கன்னாலும் விட்டுடாதீங்க, சிறுவனா இருந்தப்ப வந்த கேஸைக் காட்டி சிஐஎஸ்எஃப் (மத்திய தொழிற் பாதுகாப்புப் படை) வேலை மறுத்த வழக்குல 2019ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பையன் பக்கம்தான் நின்னுச்சு. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா பாண்டிலயும் கடலூர்லயும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைவா இருந்தா இலவசமாவே வக்கீல் தருவாங்க.