நடன அமைப்பாளர் மறைந்த பின் அவர் படைப்பை எப்படி மேடையேற்றுகிறார்கள்? வீடியோ போதாதா?

போதாது. வீடியோவில் அன்றைக்கு ஆடியவரின் பிழையும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். எதிரிலிருந்து பார்ப்பதால் இடம் வலம் குழம்பும்; பின்வரிசை மறைந்துபோகும். அதனால் முன்பு அதே பாகத்தை ஆடியவரை வரவழைத்து எண்ணிக்கை, மூச்சு, பார்வை என்று ஒவ்வொன்றாகக் கற்கிறார்கள்.

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தார். முன்பே திட்டமிட்டபடி அவர் குழு 2011 இறுதியில் கலைந்தது. குறிப்பு, வீடியோ, ஒளியமைப்பு, உடை விவரம் எல்லாம் படைப்புவாரியாகத் தொகுத்து, பிற குழுக்களுக்கு உரிமத்தோடு தருகிறார்கள். அவருடைய ஆட்டம் இசையைப் பிடித்துக்கொண்டு போகாது. ஒத்திகையில் ஸ்டாப்வாட்ச்தான் துணை. பாட்டுக்கு ஆடிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாஷின் 'வசந்தச் சடங்கு' (1975) வேறு தினுசு. மேடை முழுக்கப் பீட் மண், அதாவது சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி உண்டாகும் மண். வெறுந்தரையில் மட்டும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தால், மண் காலை இழுக்கும், தாளம் பிந்தும்.