யூதப் புத்தாண்டின் ஆன்மீகப் பொருள் என்ன?

ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதைத் தவிர இதில் என்ன ஆன்மீகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் நாகர்கோவில்காரி, இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 6 வருடம் ஒரு பாட்டியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டவள். இறையியல் படித்ததில்லை. அரசியல் பேசவும் வரவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

ரோஷ் ஹஷானா என்றால் ஆண்டின் தலை. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதத்தின் முதல் 2 நாள். அன்று கடவுள் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு எழுதுகிறார், பத்தாம் நாள் யோம் கிப்பூரில், அதாவது பாவநிவாரண நாளில், முத்திரை விழுகிறது என்பது நம்பிக்கை. ஆனால் மனுஷருக்கு மனுஷர் செய்த தப்பை யோம் கிப்பூரும் போக்காது, அந்த ஆளிடமே போய்ச் சமாதானமாக வேண்டும் என்கிறது மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பு. அதனால் முந்தின வாரமெல்லாம் பாட்டி போனும் கையுமாக இருப்பார்.

முதல் வருடம் என்னையும் கூப்பிட்டார். சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒருநாள் கரண்டியை வீசியிருந்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்து "ஸ்லிஹா" என்றார். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். நான் சரி பாட்டி என்று சொல்லும்வரை கையை விடவில்லை.

பண்டிகையன்று ஒரு பையன் வீட்டுக்கே வந்து ஷோஃபார், அதாவது ஆட்டுக்கடாக் கொம்பு, ஊதினான். முதலில் நீளமாக ஒன்று, அப்புறம் மூன்றாக உடைந்து, அப்புறம் விக்கி விக்கி. அந்த விக்கல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தல்மூத், அதாவது மிஷ்னாவை விரித்துப் பேசும் நூல், சிசெராவின் தாய் அழுததை எடுத்துக்கொள்கிறது. சிசெரா இஸ்ரவேலருடைய எதிரிப் படைத்தலைவன்!

முதல் நாள் வேத வாசிப்பு ஆதியாகமம் 21. ஆபிரகாமின் மனைவி சாராள் சொல்லித் துரத்தப்பட்ட எகிப்திய வேலைக்காரி ஆகார், துருத்தித் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியின்கீழ் விட்டு அழுகிறாள். தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிறார். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கதைதான். அந்த வீட்டில் நானே வெளிநாட்டு வேலைக்காரியாக நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

எல்லா வீடும் இப்படி என்று சொல்லமாட்டேன். சம்பளத்துக்கே அழுத தோழிகள் உண்டு.

என்னை அனுப்பிய ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேறு, கிடைத்தது வேறு. கொடுத்த கமிஷனில் அம்மாவின் நகை அடகிலேயே மூழ்கிப் போனது. அவரும் ஒவ்வொரு டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறவர்தான். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு இரண்டு தெரு. இன்றுவரை எங்கள் படி ஏறவில்லை.